பிரெஞ்சில் விடுபட்ட வாக்கியம்

என் மகன் ஒரு கொங்கோப் பெண்ணைக் கட்டப்போகிறான் என்று தெரிய வந்ததும் எங்கள் சனம் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அவையள் என்ன பாஷை கதைக்கிறவை?" என்பதுதான். நிறத்தைப் பற்றிக் கேட்க வெட்கப்பட்டவர்கள் பாஷையைப் பற்றிக் கேட்டார்கள். "பிரெஞ்சு" என்று சொன்னேன். சொன்னவுடன் எல்லோருடைய முகத்திலும் ஒரு ஆறுதல். சுவிசில் இந்த லொசான் நகரத்தில் இவ்வளவு காலம் இருந்துவிட்டோம், பிரெஞ்சு என்றால் எங்களுக்கு மரியாதையான சாமான். எனக்கும் அந்த ஆறுதல் வந்தது. அதை மறைத்துப் பிரயோசனம் இல்லை.

பெண்வீட்டில் மூன்று பாஷை இருந்ததென்பது போய் வந்து பழகிய பிறகுதான் தெரிந்தது. பிள்ளைகளோடு பிரெஞ்சு. பாட்டுப் போட்டால், கின்ஷாசாவில் இருந்து யாரும் தொலைபேசி எடுத்தால், லிங்காலா. மூத்தவர்கள் மட்டும் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கதைத்தால் கிகொங்கோ. செத்த வீடு, கலியாணம், சகோதரங்களுக்குள் வரும் சண்டை, எல்லாம் இந்த மூன்றாவது பாஷைக்குரிய விஷயங்கள். என் மருமகள் இந்த நாட்டில் பிறந்தவள். கிகொங்கோ கேட்டால் அவளுக்கு அரைவாசி விளங்கும், பேச வராது. கிட்டத்தட்ட என் மகனுடைய தமிழ் மாதிரி. அவனுக்குச் சாப்பாடு கேட்கவும் சண்டை பிடிக்கவும் தமிழ் போதும். மன்னிப்புக் கேட்க மட்டும் பிரெஞ்சுக்குப் போய்விடுவான்.

அவர்கள் வழக்கத்தில் பிள்ளை தாயின் குடும்பத்துக்கு உரியது. ஆகவே பெண்ணைக் கொடுக்கிறவர் தகப்பன் இல்லை, தாய்மாமன். எங்களிலும் தாய்மாமனுக்கு ஒரு இடம் இருக்கிறது, ஆனால் மாலையும் சால்வையும் போட்டு முன்வரிசையில் உட்காரவைப்பதோடு சரி. அவர்களுடைய மாமனோ முடிவு சொல்கிறவர். இந்த மாமன் கொங்கோவில் உயர்தர வகுப்புகளுக்குப் பிரெஞ்சு படிப்பித்தவர். இப்போது பீல் நகரத்தில் ஓய்வாக இருக்கிறார். அவர் வாயைத் திறந்தால் எங்கள் நகரசபைக் கந்தோரில் இருக்கிற பெண்கூட நிமிர்ந்து உட்காருவாள், அப்படி ஒரு பிரெஞ்சு. என்னுடையது பாடசாலைச் சாப்பாட்டுக் குசினியில் படித்த பிரெஞ்சு. கழுவு, வெட்டு, சுடுகுது, கவனம். அதற்கு மேலே போனால் எனக்கு மூச்சு வாங்கும்.

கலியாணத்தைப் பற்றிப் பேச எல்லோரும் பெண்வீட்டில் கூடினோம். மாமன் பொறுமையாக விளங்கப்படுத்தினார். பெண்ணைக் கொடுக்கும் சடங்கு பெண்ணின் வீட்டில் நடக்கும், அரை நாள் எடுக்கும். இரண்டு பக்கமும் தாங்களாகப் பேசக் கூடாது. ஆளுக்கொரு பேச்சாளர் வேண்டும். அந்தப் பேச்சாளரை அவர்கள் இன்சோன்சி என்கிறார்கள். அவர் கேட்பார், இவர் மறுப்பார், சபை நடுவில் குரல் கொடுக்கும், இப்படியே போகும். பெண்ணெடுக்க வருகிறவர்கள் கள்ளோடு வரவேண்டும். கடைசியில் பெண்ணைக் கூப்பிட்டு, "இதைக் குடிக்கட்டுமா?" என்று கேட்பார்கள். அவள் ஓம் என்றால்தான் சபை குடிக்கும். கள் என்றதும் இவருடைய கண்ணில், என்னைக் கட்டினவருடைய கண்ணில், ஒரு வெளிச்சம் வந்ததை நான் கண்டேன்.

எனக்கோ தலைக்குள் மண்டபத்தின் திறப்பு ஓடிக்கொண்டிருந்தது. மண்டபம் எடுத்தாயிற்று. ஐயர் சொன்ன முகூர்த்தம் காலையில். மத்தியானம் சாப்பாடு. பின்னேரம் கூட்டித் துடைத்துக் காவலாளியிடம் திறப்பைக் கொடுத்துவிட வேண்டும். எங்கள் ஆட்கள் சூரிச்சில் இருந்தும் பேர்ணில் இருந்தும் வருகிறார்கள். இதற்குள் அரை நாளை எங்கே செருகுவது?

"அதே நாளில், அதே மண்டபத்தில், சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு அரை மணித்தியாலம் வைத்தால் என்ன?" என்று கேட்டேன். "பிரெஞ்சில் செய்தால் எங்கள் ஆட்களுக்கும் விளங்கும். பேச்சாளர் எல்லாம் எதற்கு, நாங்களும் பிரெஞ்சு பேசுகிறவர்கள்தானே?"

மாமன் தன் சகோதரியை, அதுதான் என் சம்பந்தி அம்மாவை, பார்த்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு கிகொங்கோவில் ஏதோ சொன்னார். குரல் உயரவில்லை. மாமன் பதில் சொன்னார். அவர் திரும்பவும் ஏதோ சொன்னார். பிறகு மாமன் என் பக்கம் திரும்பினார்.

"உங்கள் விருப்பம், மதாம்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து சூரிச்சில் இருக்கும் தங்கச்சிக்குத் தொலைபேசி எடுத்து, "நல்லாப் படிச்ச மனிசன். சொன்ன உடன விளங்கிக்கொண்டார்" என்றேன். அந்த இரண்டு பேரும் எனக்கு முன்னாலேயே எனக்கு விளங்காத பாஷையில் எதைத் தின்று விழுங்கினார்கள் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

கலியாணம் நன்றாக நடந்தது. அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள். ஐயர் மணிக்கணக்காகச் சமஸ்கிருதத்தில் மந்திரம் சொன்னார். எங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் ஒரு சொல் விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. ஐயரிடம் போய், "ஐயா, இதைப் பிரெஞ்சில சொல்லுங்கோ, சுருக்கிச் சொல்லுங்கோ" என்று ஒருவரும் கேட்கவில்லை. புகை கண்ணில் பட்டாலும் பொறுத்துக்கொண்டு இருந்தோம். கொங்கோப் பக்கத்தாரும் அவ்வளவு நேரமும் அசையாமல் இருந்தார்கள். அவர்களுடைய கிழவிகள் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாப்பாடு முடிந்ததும் மாமன் எழுந்தார். பிரெஞ்சில் பேசினார். என்ன அழகு! இரண்டு குடும்பம், இரண்டு கண்டம், ஒரு ஏரிக்கரை என்று ஏதேதோ சொன்னார். எங்கள் ஆட்கள் கை தட்டினார்கள். படம் பிடிக்கிறவர் பெருவிரலைக் காட்டினார். நாங்கள் கொடுத்த நேரத்துக்குள் மாமன் முடித்துவிட்டு உட்கார்ந்தார். அவர்கள் பக்கத்தில் இருந்து ஒரு சத்தமும் வரவில்லை. கள்ளுப் போத்தல்கள் மேசையில் மூடி திறக்காமல் இருந்தன. பெண்ணிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. "என்னப்பா, இதைத் திறக்க மாட்டினமோ?" என்று இவர் என் காதுக்குள் கேட்டார். "அலையாதேங்கோ" என்றேன்.

கொங்கோக்காரர் கலியாணம் என்றால் பாட்டும் கூத்துமாக இருக்கும், அயலார் பொலிசுக்குத் தொலைபேசி அடிப்பார்கள் என்று எங்கள் சனம் என்னைப் பயமுறுத்தி வைத்திருந்தது. அவர்கள் அப்படி அமைதியாக இருந்தது எனக்குப் பெரிய நிம்மதி. போகும்போது சம்பந்தி அம்மாவின் கையைப் பிடித்து, "எவ்வளவு ஒழுங்கு, எவ்வளவு அமைதி" என்று மெச்சினேன். அவர் "மெர்சி" என்று நன்றி சொன்னார். அந்த ஒரு சொல்லை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

இளவேனிலில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் மருமகள் தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தாள். தோளில் பெரிய பை. நான் அப்போதுதான் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். உள்ளே வரச்சொல்லிக் கதிரையில் இருத்தினேன். அவள் பையை இறக்கவில்லை, தோளிலேயே வைத்துக்கொண்டு இருந்தாள்.

"சண்டையா?" என்று கேட்டேன்.

"கை ஓங்கினார், மாமி."

"அடித்தானா?"

"இல்லை. ஓங்கினார். பிறகு சுவரில் குத்தினார். என் தலைக்குப் பக்கத்தில்."

எனக்கு நெஞ்சு இடித்தது உண்மை. ஆனால் அதற்கு முன்னால் வந்தது வேறொன்று. அப்பாடா, அடிக்கவில்லை என்ற மூச்சு. அதுதான் முதலில் வந்தது. நான் அவளுக்குச் சோறு போட்டேன். கத்தரிக்காய்க் குழம்பு அவளுக்குப் பிடிக்கும், இன்னும் ஊற்றினேன். வேலை அழுத்தம், அவனுடைய தகப்பனும் அந்தக் காலத்தில் கோபக்காரர்தான், ஆம்பிளைகள் போகப் போக ஆறுவார்கள், கலியாணம் என்றால் கொஞ்சம் பொறுக்கத்தான் வேண்டும். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு என் தாய் தமிழில் சொன்ன அதே வசனங்கள். அவை எவ்வளவு சுகமாகப் பிரெஞ்சுக்குள் போய் உட்கார்ந்தன என்று பிறகுதான் ஆச்சரியப்பட்டேன்.

"அம்மாவிடம் போகலாமா என்று யோசித்தேன்," என்றாள். "ஆனால் என்னைக் கொடுத்தாயிற்று. திரும்பிப் போவது சரியா என்று தெரியவில்லை."

"அவசரப்பட வேண்டாம், பிள்ளை" என்றேன். சாப்பாட்டுப் பெட்டியில் மகனுக்கும் குழம்பு போட்டுக் கொடுத்து, நானே மெட்ரோ வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் ஏற்றி அனுப்பினேன். அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கை காட்டினாள். நான் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றின மாதிரி நிமிர்ந்து நடந்து வந்தேன்.

அதற்குப் பிறகு அதிக நாள் போகவில்லை. சம்பந்தி அம்மா நான் வேலை செய்யும் பாடசாலை வாசலில் வந்து காத்துக்கொண்டு நின்றார். மகள் தொலைபேசியில் சொல்லியிருக்கிறாள். நான் தயாராக இருந்தேன், ஏச்சு விழும் என்று. அவர் ஏசவில்லை. பேருந்து தரிப்பிடத்து வாங்கில் என்னை இருத்தித் தானும் இருந்தார்.

"அவள் உங்களிடம்தான் வந்தாள்," என்றார். "எங்களிடம் வரவில்லை. ஏன் தெரியுமா? வரலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை."

எனக்கு விளங்கவில்லை. அவர் மெதுவாகச் சொன்னார். பெண்ணைக் கொடுக்கும் பேச்சின் கடைசிப் பகுதி அதுதானாம். கள்ளைக் குடிக்க முன்னம் தாய்மாமன் மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்துச் சொல்ல வேண்டும்: இவள் பிழை விட்டால் கை வைக்காதீர்கள், கொண்டுவந்து எங்கள் வாசலில் விடுங்கள். உங்கள் பிள்ளை பிழை விட்டால் இவள் தானாக வருவாள், வாசல் பூட்டியிருக்காது. இதைச் சபை முழுக்க ஏற்றுக் குரல் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளையின் தாய் பதில் சொல்ல வேண்டும். பெண் அதைத் தன் காதால் கேட்க வேண்டும். ஒவ்வொரு கொங்கோப் பெண்ணும் புருஷன் வீட்டுக்குக் கொண்டு போகும் சீதனம் அந்த வாக்கியம்.

"ஏன் பிரெஞ்சில் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "உங்கள் அண்ணனுக்கு வராத பிரெஞ்சா?"

"எழுதிப் பார்த்தார்," என்றார். "பிரெஞ்சில் அது வக்கீல் அனுப்பும் அறிவித்தல் மாதிரி வந்தது. நீங்கள் அடிப்பீர்கள் என்று நாங்கள் சந்தேகப்படுவது மாதிரி. உங்கள் விருந்தாளிகளுக்கு முன்னால் உங்களை அவமதிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டார். எங்கள் பாஷையில் அது அவமானமில்லை. எல்லோருக்கும் சொல்வது. எனக்கும் சொன்னார்கள், என் தாய்க்கும் சொன்னார்கள்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அதோடு, எங்களில் செத்தவர்களும் சாட்சிக்கு வரவேண்டும். அவர்களுக்குப் பிரெஞ்சு தெரியாது."

பேருந்து வந்தது, போனது. நான் எழும்பவில்லை. எனக்குக் கலியாணம் முடிந்து படலையைத் தாண்டும்போது என் தாய் சொன்னது, "இனி அதுதான் உன்ர வீடு, இஞ்ச வந்து கண்ணைக் கசக்காத" என்பது. அதை நான் ஒரு அன்பான சொல்லாகத்தான் இவ்வளவு காலமும் வைத்திருந்தேன். ஒரு பெண்ணுக்குத் திரும்பி வர வாசல் வைத்துக் கொடுக்கும் பாஷை ஒன்று பூமியில் இருந்திருக்கிறது. அதைத்தான் நான் எங்கள் சனத்துக்கு விளங்காது, நேரம் போய்விடும், மண்டபத்தைப் பூட்ட வேண்டும் என்று நிறுத்தியிருக்கிறேன். பிறகு அந்தப் பிள்ளை பையோடு வந்தபோது சோறு போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எது பெரிய பாவம் என்று எனக்கு இன்னும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன்.

"இஞ்சேரும், நானும்தான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனான்," என்றார். "கள்ளைப் பற்றி மட்டும்தான் கவலைப்பட்டனான்."

"திருப்பிச் செய்யச் சொல்லிக் கேப்பம்," என்றேன். "அவையின்ர வீட்டில. அவையின்ர பாஷையில."

மாமன் உடனே சம்மதித்தார், பீலில் தன் வீட்டிலேயே வைப்போம் என்றார். எங்களுக்குப் பேச்சாளர் இல்லையே என்றேன். தன் தேவாலயத்தில் ஒருவர் இருக்கிறார், எங்களுக்காக அவர் பேசுவார் என்றார். மகன்தான் வர மாட்டேன் என்று நின்றான். "கலியாணம் முடிஞ்சுதுதானே அம்மா, பிறகென்ன நாடகம்?" என்றான். "நீ வரவேணும்" என்று நான் அவனிடம் சொன்ன விதத்தில் அவன் பிறகு மறுக்கவில்லை.

பீல் ஒரு விசித்திரமான ஊர். தெருப் பலகையில் ஜெர்மனும் பிரெஞ்சும் ஒரே அளவு எழுத்தில் இருக்கும். ரயிலடியில் வந்து எங்களைக் கூட்டிப்போன மாமன் அதைக் காட்டி, "எங்கள் ஊரில் பலகை முழுக்கப் பிரெஞ்சு. கிகொங்கோவுக்கு முற்றம்தான்" என்றார். அவர் அதைக் குறையாகச் சொன்னாரா, பகிடியாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அவருடைய வீட்டு விறாந்தை சின்னது. அதற்குள் அவ்வளவு சனம். நாங்கள் கொண்டுபோன கள்ளு, ஆபிரிக்கக் கடையில் வாங்கியது, நடுவில் இருந்தது. எங்கள் பேச்சாளர் எழுந்தார். எங்களைத் தெரியாத மனிதர், எங்களுக்காகக் கெஞ்சினார். மாமன் எழுந்தார். மண்டபத்தில் நான் கண்ட மனிதர் இல்லை இவர். அங்கே சட்டைப்பைக்குள் இருந்த கை இங்கே முழங்கை வரை பேசியது. ஒரு வசனத்தைப் பாதியில் விடுவார், சபை அதை எடுத்து முடிக்கும். "இங்கெட்டா!" என்று எல்லோரும் ஒரு குரலில் சொல்வார்கள். எங்கள் ஓம் தான் அது. கிழவிகள் சிரித்தார்கள், தொடையில் தட்டினார்கள், இடையில் ஒருத்தி எழுந்து பாடவும் செய்தாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. விளங்காமல் இருப்பது ஒரு குறையாகவும் தெரியவில்லை. கலியாண மண்டபத்தில் இவர்களை நான் எப்படி உட்காரவைத்திருந்தேன் என்பது மட்டும் நன்றாக விளங்கியது.

பிறகு சத்தம் அடங்கியது. மாமன் என்னைப் பார்த்து நின்று அந்த வாக்கியத்தைச் சொன்னார். சம்பந்தி அம்மா எனக்குப் பக்கத்தில் இருந்து பிரெஞ்சில் சொன்னார். பேச்சாளர் இதற்குப் பதில் சொல்ல முடியாதாம், நான்தான் சொல்ல வேண்டுமாம். மருமகளைப் பார்த்தேன். அவள் தன் தாயைப் பார்க்கவில்லை, மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கவுமில்லை. அவளுக்கு விளங்கும் அரைவாசிக்குள் அது இருந்தது. கண்ணீர் வழிய மாமனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்கெட்டா," என்றேன்.

சபை முழுக்க அதைத் திருப்பிச் சொன்னது. மாமன் கள்ளுப் போத்தலைக் கையில் எடுத்து மருமகள் பக்கம் திரும்பினார். குடிக்கட்டுமா என்று கேட்டார். அவ்வளவு எனக்கும் தெரிந்தது.

அவள் என் மகனைப் பார்த்தாள். அவன் குனிந்துகொண்டிருந்தான். அவள் கன நேரம் எடுத்தாள். ஒருவரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

"இன்றைக்கு வேண்டாம், மாமா," என்று பிரெஞ்சில் சொன்னாள்.

அந்த விறாந்தையில் என்னைத் தவிர ஒருவரும் பதறவில்லை. மாமன் தலையை ஆட்டிவிட்டுப் போத்தலைக் கொண்டுபோய் அலுமாரிக்குள் வைத்தார், பத்திரமாக. பெண்கள் எழுந்து சாப்பாடு எடுத்து வைத்தார்கள். மரவள்ளி இலைக் கறி. எங்களுக்குத்தான் முதலில் போட்டார்கள். அந்த மரியாதையை விட ஒரு ஏச்சு எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

புறப்படும்போது மருமகள் செருப்புப் போடவில்லை. தாயோடு மாமன் வீட்டிலேயே சில நாள் இருக்கப் போவதாகச் சொன்னாள். என்னைக் கட்டிப்பிடித்தாள். "மெர்சி, மாமி" என்றாள். அதை நான் வாங்கிக்கொள்ளத் தகுதியில்லை என்று எனக்குத் தெரியும். வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

ரயிலில் நாங்கள் மூன்று பேரும். நெஷாத்தெல் நகரம் தாண்டும் வரைக்கும் மகன் யன்னலுக்கு வெளியே ஏரியைப் பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு திரும்பினான்.

"உங்களாலதான் அம்மா. பேசாம இருந்திருந்தா அவ வீட்டில இருந்திருப்பா."

"ஓம். பயந்துகொண்டு இருந்திருப்பா."

"நான் அவவுக்கு அடிக்கேல்லையே!"

அவன் அதைச் சொன்னபோது அவனுடைய முகத்தில் உண்மையான ஆச்சரியம் இருந்தது. அடிக்காதவனுக்கு ஏன் இந்தத் தண்டனை என்ற ஆச்சரியம். அதை அவன் தெருவில் படிக்கவில்லை. எங்கள் வீட்டில், என் சமையலறையில், தகப்பன் தட்டை எறிந்த நாட்களில் நான் எதுவும் நடக்காத மாதிரித் தட்டைப் பொறுக்கியதைப் பார்த்துப் படித்தான். இவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடிக்கேல்லை எண்டதுக்கு நான் உன்னை மெச்ச வேணுமோ, தம்பி?" என்று கேட்டேன்.

அவன் அழத் தொடங்கினான். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. சின்ன வயதில் இருந்து அவன் அழுதால், பிழை யாருடையதாக இருந்தாலும், ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து "அழாத ராசா" என்று சொல்லிவிடுவேன். அன்றைக்கும் கை எழும்பியது. அதை மற்றக் கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு, லொசான் வரும் வரைக்கும் அவனை அழ விட்டேன்.